உதறாமல் கொடுக்கவும்

துறைமுகத் தெருவின் கடைசியில், மலைச்சரிவுக்கு முதுகைக் காட்டி நிற்கும் சலவைக்கடையில் ஒரு பலகை தொங்குகிறது. உலகத்திலுள்ள மற்ற சலவைக்கடைகள் எல்லாம், பையில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள், மண்ணைத் தட்டிவிட்டுக் கொடுங்கள் என்று வருகிறவர்களைக் கெஞ்சும். இந்தப் பலகையில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "துணிகளை உதறாமல் கொடுக்கவும்."

கப்பலில் வந்து இறங்கும் புது ஆள் அதைப் படித்துவிட்டு, எழுதியவருக்குத் தலையில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வான். தலையில் ஒன்றுமில்லை. விஷயமெல்லாம் காலில் இருக்கிறது.

கடைக்காரிக்கு ஊர் வைத்த பெயர் முள்வாங்கி. கால்முள் எடுக்கும் சின்ன இடுக்கி ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்து, சாவிக்கொத்தைவிடப் பத்திரமாகக் கழுத்தில் போட்டிருப்பாள். அதனால் வந்த பெயர் என்பது அவள் கட்சி. அவள் நாக்கால் வந்த பெயர் என்பது மற்றவர்கள் கட்சி. எடுத்த முள்ளைத் திருப்பிக் குத்தவும் தெரிந்தவள் என்பதில் இரண்டு கட்சிக்கும் சந்தேகம் கிடையாது.

பிறந்தது தீவின் ஈரப்பக்கத்தில். மலைக்கு அந்தப் பக்கம் மேகங்கள், காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரரைப்போல வருஷம் முழுக்கத் தங்கிவிடும். சுவரில் பாசி, செருப்பில் பாசி, கொஞ்சம் அசந்தால் பெரியப்பா வழுக்கையிலும் பாசி. அங்கே ஒருவன் கொடியில் துண்டு போட்டால், அது காய்வதற்குள் அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிடும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வறண்ட பக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், வந்த மறுநாள் ஒரு போர்வையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அந்த ஓரத்தை விரிப்பதற்குள் இந்த ஓரம் காய்ந்துவிட்டது. திறந்த வாய் மூடாமல் நின்றாள். வாயும் காய்ந்துபோயிற்று.

"என்னங்க, இந்த வெயில வீணாக்குறது பாவங்க," என்று கணவரிடம் சொன்னாள். அப்படிப் பிறந்ததுதான் கடை.

அவள் துவைப்பாள், அவர் இஸ்திரி போடுவார். பேசினால் மடிப்பு கலைந்துவிடும் என்பதுபோல மனிதர் வாயைத் திறக்கவே மாட்டார். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அவருடைய தங்கை பேசினாள். கல்யாணமே வேண்டாம் என்று அண்ணன் வீட்டில் தங்கிவிட்டவள். துணி வாங்கிக் கொடுக்கும் மேசை அவள் ராஜ்ஜியம். "கல்லானாலும் கணவன்னு சொல்றாங்களே, அது எங்க அண்ணனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்காங்க அண்ணி," என்பாள். கீழே கடை, மேலே வீடு. பின்னறைச் சன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் மலை.

அந்த மலையால்தான் தொல்லை. வெயிலில் அது சுட்ட செங்கல், மழையில் கரைத்த சேறு. வறண்ட பக்கத்தில் மழை அபூர்வம். வந்தால் மட்டும் அண்டாவோடு கவிழ்த்ததுபோல வரும். ஒவ்வொரு பெருமழைக்கும் சரிவு ஒரு வாய் மண்ணைப் பின்னறைக்குள் துப்பிவிட்டுப் போகும். கல் அடுக்கிப் பார்த்தார்கள். அடுத்த மழைக்கு மண்ணுக்குத் துணையாகக் கல்லும் உள்ளே வந்தது. நகராட்சி கடலுக்கு அப்பாலிருந்து சுருள் சுருளாகப் புல்தரை வரவழைத்து விரித்தது. பச்சைக் கம்பளம் பழுப்புக் கம்பளமாகி, ஒரு காற்று நாளில் எழுந்து பக்கத்துத் தெருவுக்குக் குடிபோயிற்று. கடைசியில் நகராட்சி கையை விரித்துவிட்டது: இன்னொரு முறை மண் இறங்கினால் இந்த வரிசையில் யாரும் குடியிருக்கக் கூடாது, எல்லோருக்கும் ஈரப்பக்கத்தில் மாற்றிடம்.

ஈரப்பக்கத்தில் சலவைக்கடை வைப்பதும் மீனுக்குக் குடை விற்பதும் ஒன்றுதான். அன்றிலிருந்து வானத்தில் ஒரு கறுப்பு மேகம் தெரிந்தால் முள்வாங்கி மூட்டை முடிச்சுகளை எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

இப்போது காலுறைக்கு வருகிறேன்.

தீவின் முனையில் கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவரை ஊரே விளக்கண்ணன் என்று கூப்பிடும். ஆள் உயரமும் அந்தக் கலங்கரை விளக்கத்தின் உயரம்தான்; மீன்பிடிப் படகுகள் சில வேளை ஆளைப் பார்த்தே கரை திரும்பியதாகக் கேள்வி. அவர் ஊருக்குள் வர ஒற்றையடிப் பாதை ஒன்றே வழி, அந்தப் பாதை முழுக்க ஊசிப்புல்.

ஊசிப்புல் இந்தத் தீவின் சொந்தப் புல். மனிதன் படகேறி வருவதற்கு வெகுகாலம் முன்பே வந்து இடம்பிடித்தது. யாரும் விதைக்காமல், சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல், உப்புக்காற்றிலும் பாறை இடுக்கிலும் குத்துக் குத்தாக நிற்கும். மழையில்லாத மாதங்களில் செத்ததுபோலப் பாசாங்கு செய்யும். கதிர் முற்றியதும் ஒவ்வொரு விதைக்கும் ஊசிபோல ஒரு முனை, நீளமாக ஒரு கறுப்பு வால். வால்கள் ஒன்றோடொன்று பின்னி, எண்ணெய் காணாத தலைபோலச் சிக்குப் பிடித்துக் கிடக்கும். கால் பட்டால் போதும், விதை துணியில் ஏறிக்கொள்ளும். உள்ளே போகத் தெரியுமே தவிர, வெளியே வரத் தெரியாது.

"விளக்கண்ணே, இது சாக்ஸா முள்ளம்பன்றியா?"

"முள்ளம்பன்றின்னா தானே நடந்து வந்திருக்கும். நான் எதுக்குத் தூக்கிட்டு வரணும்?"

"வாசல்ல ஒரு உதறு உதறிட்டு வந்தா உங்க விளக்கு அணைஞ்சிடுமா?"

"உதறினேம்மா. என் தொப்பிதான் கீழ விழுந்துச்சு."

அப்படியே மெஷினில் போட்டால் ஊசிகள் வடிகட்டியை அடைத்துவிடும். ஆகவே அவள் பின்னறைச் சன்னலோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, காலுறையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி, முள்வாங்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். ஓர் ஊசி, ஒரு வசவு. கை நிறைந்ததும் சன்னல் வழியே வெளியே வீச்சு. வீசியது எங்கே போகிறது என்று அவள் யோசித்ததே இல்லை. சன்னலைத் தாண்டிய குப்பை ஊர்க்குப்பை.

ஒருநாள் தப்பிய ஊசி ஒன்று இஸ்திரி மேசையில் கிடந்தது. அவர் சட்டையின்மேல் தண்ணீர் தெளித்தபோது அதன்மேலும் ஒரு சொட்டு விழுந்தது. உடனே அந்தக் கறுப்பு வால் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. முறுக்கு அவிழ அவிழ, ஊசி தானே புரண்டு, முனையைச் சட்டைக்குள் அழுத்திக்கொண்டு நுழைந்தது.

"ஐயோ, இது புழுங்க!" என்று முள்வாங்கி முக்காலியின்மேல் ஏறிவிட்டாள்.

"புழு இல்ல அண்ணி. நீங்க திட்டினது தாங்காம நெளியுது," என்றாள் நாத்தனார்.

வருஷங்கள் போயின. மழைகள் வந்தன, ஆனால் மண் வரவில்லை. பின்னறை காய்ந்தே கிடந்தது. தான் திரும்ப அடுக்கிய கல்லால்தான் என்று முள்வாங்கி பெருமையடித்துக்கொண்டாள். அண்ணியின் வாய்க்கு மலையே பயந்துவிட்டது என்று நாத்தனார் சொன்னாள். கணவர் கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை.

அப்புறம் ஒரு காலைவேளையில் விடுதிக்காரர் கைகளைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். படுக்கை விரிப்புகளெல்லாம் இந்தக் கடையில்தான் வெளுப்பது.

"அம்மா, புதுசாக் கல்யாணமான ஜோடி ஒண்ணு வந்து தங்கியிருக்கு. மாப்பிள்ளை சும்மா சும்மா கிள்றார்னு பொண்ணு அழுவுது. இவதான் கிள்றான்னு மாப்பிள்ளை சத்தம் போடுறார். ரெண்டு வீட்டுக்கும் போன் பறந்துடுச்சு. போய்ப் பார்த்தா," என்று விரிப்பை நீட்டினார். அதில் ஊசிகள்.

முள்வாங்கி பின்பக்கம் ஓடினாள். அன்றுதான் தலையை நிமிர்த்திச் சரிவைப் பார்த்தாள். சன்னலில் தொடங்கி மேலே மேலே, செந்நிறத் தண்டோடு ஊசிப்புல் இடுப்புயரம் நின்றது. கொடியில் ஆடிய விரிப்புகளைக் கறுப்புக் கதிர்கள் தொட்டுத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தன.

"எவன் வேலைடி இது? நம்ம கடைய ஒழிக்க எவனோ கொண்டாந்து போட்டிருக்கான்!" என்று கத்தினாள்.

முதலில் தையல் கத்தரியால் சரிவு முழுக்க ஏறி, ஒரு கதிர் பாக்கியில்லாமல் நறுக்கித் தள்ளினாள். அதுவும் போதாதென்று, கொடிக்குப் பின்னால் ஒரு பட்டையாக நின்ற புல்லை வேரோடு பிடுங்கக் கிளம்பினாள். புல் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. இவள் இழுக்க, அது இழுக்க, பக்கத்துக் கடைக்காரர்கள் கூடி நின்று யார் ஜெயிப்பார் என்று வேடிக்கை பார்க்க, ஒவ்வொரு குத்துக்கும் ஒரு முறை உட்கார்ந்த வாக்கில் விழுந்து எழுந்தாள். இடுப்பு போயிற்று, ஆனால் அந்தப் பட்டையை மொட்டையடித்துவிட்டாள். வீம்புக்கு மருந்து ஏது?

அந்த வாரமே அண்டா கவிழ்ந்தது.

அவர்கள் மேலே வீட்டில் இருந்தார்கள். பின்னறையில் யாரோ சோம்பல் முறிப்பதுபோல ஒரு சத்தம். இறங்கி வந்து பார்த்தால், மெஷின் கழுத்தளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தது. சன்னல் சட்டம் அறையின் நடுவில் மிதந்தது. முள்வாங்கி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நகராட்சி சொன்னது காதில் ஒலித்தது. அவள் அழவில்லை. ஏசவும் இல்லை. அதைப் பார்த்துத்தான் நாத்தனார் பயந்துபோனாள்.

மழை விட்டதும் நகராட்சியிலிருந்து பொறியாளர் வந்தாள். சின்ன வயசுப் பெண். பேச்சு சுருக்கம், பார்வை கூர்மை. சரிவை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"மத்த இடமெல்லாம் அப்படியே நிக்குது. இந்த ஒரு பட்டை மட்டும் ஏன் வந்துச்சு?"

எல்லோரும் பார்த்தார்கள். பலகை வைத்து அறுத்ததுபோல, மொட்டையடித்த இடம் மட்டும்தான் இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் புல், மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றது. அறுந்த ஓரத்தில் வேர்கள் சாட்டைபோலத் தொங்கின.

"இங்க இருந்த புல்லைப் பிடுங்கினது யாரு?"

"நான்தான் மேடம்."

"சரி, மத்த இடத்துல எல்லாம் புல்லு வச்சது யாரு?"

முள்வாங்கி வாயைத் திறந்தாள். சன்னல் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். கை தானாகக் கழுத்திலிருந்த இடுக்கியைத் தொட்டது. எத்தனை வருஷத்துக் காலுறைகள், எத்தனை கைப்பிடி, எத்தனை வசவு!

"அதுவும்... நான்தான் போலிருக்கு," என்றாள்.

பொறியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அப்ப உங்கள நான் திட்டுறதா, பாராட்டுறதா?"

"முதல்ல திட்டிடுங்க மேடம். அப்பத்தான் பாராட்டுறது காதுல ஏறும்," என்றாள் நாத்தனார்.

ஆனால் நகராட்சி விதி விதிதான். அடுத்த பெருமழைக்குள் அந்தப் பட்டை பிடித்துக்கொண்டால் வரிசை பிழைக்கும், இல்லையென்றால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிடுங்கிய குத்துகளைத் தேடியெடுத்துத் திரும்ப நட்டுப் பார்த்தார்கள். வேர் அறுந்தவை வெயிலில் சருகாயின. விதைக்கலாமென்றால், சரிவில் இருந்த கதிரையெல்லாம் அம்மாளே நறுக்கித் தள்ளியாயிற்று. சேறு அதையும் கடலுக்குக் கொண்டுபோயிற்று. வேறு வழியில்லை. கலங்கரை விளக்க முனையிலிருந்துதான் விதை வர வேண்டும். அதைக் கொண்டுவரும் வாகனம் ஊரில் ஒன்றே ஒன்று: விளக்கண்ணன் கால்.

முள்வாங்கி வாசலிலேயே காத்திருந்தாள். அவர் வந்தார். முழங்கால்வரை பளபளவென்று புது ரப்பர் பூட்ஸ். பையில் பூப்போல மூன்று ஜோடிக் காலுறை, ஓர் ஊசி கிடையாது.

"பார்த்தீங்களாம்மா?" முகமெல்லாம் மலர்ச்சி. "நீங்க இத்தனை வருஷம் சொன்னது இப்பத்தான் புத்தியில ஏறிச்சு. இனிமே உங்களுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கழட்டுங்கண்ணே அந்தப் பூட்ஸை! மொதல்ல கழட்டுங்க!"

மனிதர் பயந்து ஒற்றைக்காலில் நின்றார். கொக்குகூட அவ்வளவு உயரத்தில் நின்றதில்லை. அப்புறம்தான் அவள் பின்னறைக்குக் கூட்டிப்போய்ச் சரிவைக் காட்டினாள். இரண்டு பக்கமும் நிற்கும் புல்லைக் காட்டினாள்.

"இதெல்லாம் உங்க சாக்ஸுண்ணே. நான் உங்களை வாய்க்கு வந்தபடி பேசிட்டே இருந்தேன். நீங்க எங்க வீட்டைத் தாங்கிட்டே இருந்திருக்கீங்க."

விளக்கண்ணன் தொப்பியைக் கழற்றி, திருப்பிப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார். "நான் என்னம்மா செஞ்சேன், நடந்தேன். ஆனா ஒண்ணு சொல்றேன். அந்த முனையில ஒண்டியா இருக்கேன். வாரத்துக்கு ஒருநாள் இங்க வந்தாத்தான் ஒருத்தராவது என்னைத் திட்டுறாங்க. அதுக்காகவே பல நாள் உதறாம வந்திருக்கேன்."

"அப்ப தொப்பி விழுந்துச்சுன்னு சொன்னது?"

"பொய்தாம்மா."

நாத்தனார் கணக்குப்போட்டுக்கொண்டு நின்றாள். "இவர் காலுக்கு எத்தனை சாக்ஸ் மாட்டினாலும் இந்தப் பட்டை நிரம்புறதுக்குள்ள பல்லு கொட்டிடும். பேசாம ஒரு கம்பளிய இடுப்புல கட்டி இழுத்துட்டு வரச் சொல்லுங்க," என்றாள் கிண்டலாக.

"இழுக்கலாமே," என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். பேசியது தான்தானா என்று அவருக்கே ஆச்சரியம்.

எந்தச் சலவைக்கடையிலும் யாரும் திரும்ப வந்து வாங்காத கம்பளிகள் ஒரு அடுக்கு இருக்கும். கப்பலேறிப் போனவர்கள், மறந்துபோனவர்கள், மனைவியிடம் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டவர்கள். முனையில் நின்ற கதிர் உதிர்வதற்குள், அந்த அடுக்கைத் தூக்கிக்கொண்டு நால்வரும் முனைக்குப் போனார்கள். கம்பளியின் நான்கு முனையை ஆளுக்கொன்றாகப் பிடித்துப் புல்லின்மேல் இழுத்தார்கள். விளக்கண்ணன் பக்கம் மட்டும் வானத்தில் இருந்தது. குனியச் சொல்லிச் சொல்லி நாத்தனாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சாயந்தரம் வீடு திரும்பும்போது கம்பளிகள் கரடிபோல இருந்தன. இவர்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

முள்வாங்கி அன்றைக்கு முள்வாங்கியைத் தொடவே இல்லை. கம்பளிகளை ஊசியோடு அப்படியே பட்டையின்மேல் விரித்து, கம்பி வளைத்து அடித்து இறுக்கினார்கள். இடுக்கு விழுந்த இடத்தில் விளக்கண்ணனின் பழைய காலுறைகள். மலைக்குப் போர்வையும் போர்த்தி சாக்ஸும் மாட்டிவிட்ட குடும்பம் என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும்.

பெருமழைக்கு முன்னால் ஒரு தூறல் வரும். வந்தது. முள்வாங்கி தலையில் ஒரு துவாலையைப் போட்டுக்கொண்டு சரிவில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஈரம் ஏற ஏற, கம்பளி முழுக்கக் கறுப்பு வால்கள் மெல்லச் சுற்றின. அன்று மேசையில் புழு என்று பயந்தாளே, அதேதான். ஒவ்வொன்றும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொண்டு, முனையை நூலிடைவழியே மண்ணுக்குள் இறக்கியது. ஊரிலுள்ள தையல்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மலையைத் தைத்ததுபோல இருந்தது. எத்தனையோ பேர் எதையெதையோ வாங்கிக்கொண்டு செய்யாத வேலையை, தூக்கி எறிந்த குப்பை ஒன்றும் கேட்காமல் செய்துகொண்டிருந்தது. துவாலை நனைந்து முதுகில் தண்ணீர் ஓடியதுகூடத் தெரியாமல், "நல்லா இரு, நல்லா இரு," என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் ஓர் ஊசிக்கு ஒரு வசவு. இப்போது ஓர் ஊசிக்கு ஒரு வாழ்த்து. பாக்கி நிறைய இருந்தது.

கம்பளியைத் துளைத்துக்கொண்டு பச்சை எட்டிப்பார்த்தது. பிறகு குத்தாயிற்று. பிறகு அண்டா கவிழ்ந்தது. முன்னைவிடப் பெரிய அண்டா. மூவரும் பின்னறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, புதுச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வந்தது. தெளிவாக வந்து, வாய்க்காலில் இறங்கி, கடலுக்குப் போயிற்று. மண் வரவில்லை.

புல் காய்ந்து கதிர் கறுத்த பிறகு பொறியாளர் வந்தாள். நேரே சரிவில் ஏறினாள். பட்டையில் நின்று காலால் உதைத்துப் பார்த்தாள், ஒரு குத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். இறங்கி வந்து கடை வாசலில் நின்று குனிந்து பார்த்தால், கால்சட்டை முழுக்க ஊசி. தட்டுவதற்குக் கையை ஓங்கினாள்.

"உதறாதீங்க!"

மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். கணவரும் சேர்ந்துதான்.

பொறியாளர் ஓங்கிய கையோடு அப்படியே நின்றாள். முள்வாங்கி ஒரு பெரிய கிண்ணத்தையும் முக்காலியையும் கொண்டுவந்து வைத்து, அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள். கழுத்துக் கயிற்றிலிருந்து இடுக்கியை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஓர் ஊசியைக்கூட உடைக்காமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட ஆரம்பித்தாள். நகராட்சி என்ன சொல்லப்போகிறது என்று நாத்தனார் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"கீழ்த்தெருவுக்குப் பின்னாலயும் இதே மாதிரி ஒரு சரிவு இருக்கு," என்றாள் பொறியாளர். "விதை கொஞ்சம் கிடைக்குமாம்மா?"

"எங்களுக்கு என்ன சொல்லப்போறீங்க மேடம்?" நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு என்ன? நீங்க எங்கயும் போக வேண்டாம். இந்த வரிசை இருக்கும்."

நாத்தனார் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, வருஷத்துக்கு உரிய பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, மூடிக்கொண்டார். முள்வாங்கி மட்டும் தலை நிமிரவில்லை. கண்ணை நீர் மறைத்தது. இடுக்கி ஊசியைத் தேடித் தவித்தது.

"ஆடாம உட்காருங்க மேடம்," என்றாள். "இந்தக் கால்ல இன்னும் நிறைய இருக்கு."